மீன் தொட்டியும் பலகைத் தரையும்

முன்பெல்லாம் நம் பிள்ளைகள் ஊறுகாய்ப் போத்தலில் சண்டை மீன் வளர்த்தார்கள். இப்பொழுது நான்கடித் தொட்டியில் கெலிசாவும் லோஹானும் வளர்க்க ஆசைப்படுகிறார்கள். மீன் வளர்ப்பது நல்ல பழக்கம்தான். ஆனால், கால் நட்டுக் கட்டிய பழைய பலகை வீடுகளில் இருப்போர், தொட்டி வாங்குமுன் தரையைப் பார்ப்பது அவசியம்.

கணக்குப் போடுங்கள்

வீட்டில் ஆறாம் ஆண்டு படிக்கும் பிள்ளை இருந்தால் இந்தக் கணக்கைக் கொடுங்கள். தொட்டியின் நீளம் 4 அடி, அகலம் ஒன்றரை அடி, உயரம் ஒன்றரை அடி. பெருக்கினால் 9 கன அடி. ஒரு கன அடித் தண்ணீர் சுமார் 28 கிலோ. ஆகவே தண்ணீர் மட்டுமே ஏறக்குறைய 250 கிலோ. கண்ணாடி, கூழாங்கல், தொட்டியைத் தாங்கும் மேசை எல்லாம் சேர்ந்தால் 350 கிலோவுக்குக் குறையாது. 10 கிலோ அரிசிப் பைகள் முப்பத்தைந்தை ஒரே மூலையில் அடுக்கியதற்குச் சமம்!

வீட்டுத் தரை ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ தாங்க வேண்டும் என்பது பொறியாளர்களின் வழக்கமான கணக்கு. நம் தொட்டி அமரும் இடமோ அரைச் சதுர மீட்டருக்குச் சற்றே அதிகம். அங்கே விழும் சுமை அந்தக் கணக்கைப்போல் நான்கு மடங்குக்கும் மேல்.

"கல்யாணத்துக்கு ஐம்பது பேர் வந்தார்களே, தரை தாங்கியதே!" என்பீர்கள். விருந்தினர் வீடு முழுதும் பரவி நின்றார்கள்; மாலையில் போய்விட்டார்கள். தொட்டி இரவு பகலாக ஒரே இடத்தில் நிற்கும். ஓயாத சுமையால் மரம் மெல்ல மெல்ல வளையும். கண்ணாடி அப்படி வளைந்து கொடுக்காது. ஒரு பக்கம் தரை இறங்கினால் ஒட்டு விட்டுப்போகும், அல்லது கண்ணாடி வெடிக்கும். பக்கத்தில் குழந்தை விளையாடிக்கொண்டிருந்தால் என்னாவது?

எங்கே வைப்பது?

அறையின் நடுவில் வேண்டாம். சுவரோரமாக, கீழே தூண் நிற்கும் இடத்துக்கு அருகில் வையுங்கள். பலகைகளுக்குக் குறுக்கே, அடியில் சட்டங்கள் ஓடுகின்றன. தரையில் வரிசையாகத் தெரியும் ஆணித் தலைகளே அந்தச் சட்டங்களைக் காட்டிக்கொடுக்கும். தொட்டியின் நீளம் பலகை ஓடும் திசையிலேயே இருக்கட்டும். அப்பொழுதுதான் சுமை இரண்டு மூன்று சட்டங்களுக்குப் பகிர்ந்துபோகும். திருப்பி வைத்தால் ஒரே சட்டம் முழுதையும் சுமக்கும்.

மேசையின் நான்கு கால்களும் பலகையைக் குத்தி நிற்கக்கூடாது. கால்களுக்கடியில் இரண்டு அங்குலக் கனமுள்ள நீண்ட பலகைகளைப் போடுங்கள்.

வீட்டுக்கடியில் பாருங்கள்

கால் வீட்டில் ஒரு வசதி உண்டு. குனிந்து உள்ளே போய்ப் பார்க்கலாம். கத்தி முனையால் சட்டத்தைக் குத்திப் பாருங்கள். சுலபமாக இறங்கினால் மரம் உளுத்துவிட்டது. மண் கோடுகள் தெரிந்தால் கறையான் வேலை. அப்படிப்பட்ட இடத்தில் தொட்டி வேண்டவே வேண்டாம்.

மரம் நன்றாக இருந்தாலும், சட்டங்களுக்குக் குறுக்கே அடியில் ஓர் உத்தரம் கொடுத்து, அதை இரண்டு முட்டுக்கால்களால் தாங்கச் செய்வது நல்லது. முட்டுக்காலை வெறும் மண்ணில் நிறுத்தினால் மழைக்காலத்தில் புதைந்துவிடும். சிமெந்துத் தளத்தின்மேல் நிறுத்துங்கள். இது தச்சர் செய்ய வேண்டிய வேலை. தோட்டத்து வீடாக இருந்தால் நிர்வாகத்திடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி பெறுங்கள்.

தண்ணீர் ஊற்றும்போது

ஒரேயடியாக நிரப்பாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, மறுநாள் பாருங்கள். தண்ணீரின் மட்டமும் தொட்டியின் விளிம்பும் ஒரே அளவாகப் போகின்றனவா? ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் தண்ணீரை இறைத்துவிட்டுச் சரிசெய்யுங்கள். நிரம்பிய தொட்டியை ஒருபோதும் நகர்த்தக்கூடாது. பிறகும் மாதம் ஒருமுறை மட்டத்தைப் பார்த்துவாருங்கள். சிந்திய தண்ணீரை உடனே துடையுங்கள். ஈரப் பலகை சீக்கிரம் உளுக்கும்.

இவ்வளவு வேலை முடியாது என்போருக்கும் வழியுண்டு. 2 அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியில் தண்ணீர் 56 கிலோதான். எல்லாம் சேர்ந்தாலும் ஓர் ஆள் எடைக்குச் சற்று மேல். கப்பி மீன்களுக்கு அது தாராளம். நல்ல நிலையிலுள்ள எந்தப் பலகைத் தரையும் அதைத் தாங்கும்.