வெப்பமகற்றியின் தாங்குசட்டம்

இன்ரெல் நிறுவனத்தார் 2001 ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட, 478 ஊசிகளையுடைய பென்ரியம் 4 செயலி பூண்ட கணினிகள் சில இன்றும் உழைக்கின்றன. அத்தகையதொன்று திடீரென மந்தமுறின் செயலி கெட்டதென்று கருதிப் பலர் கணினியையே கழித்துவிடுவர். குற்றம் ஒரு சிறு பிளாஸ்ரிக் சட்டத்தில் இருத்தலுங் கூடும்.

செயலியின் வெப்பத்தை ஏற்கும் உலோகத்தகட்டுத் தொகுதி அதன்மேல் நன்கு அழுந்தியிருத்தல் வேண்டும். அவ்வழுத்தத்தைத் தரும் கவ்விகள் தாய்ப்பலகையிலுள்ள சட்டத்தின் நான்கு மூலைகளையும் பற்றி நிற்கும். இழுவிசையும் வெப்பமும் ஆண்டுக்கணக்கில் ஒருங்கே தாக்க, ஒரு மூலை முறிகின்றது. உலோகம் ஒருபுறம் எழும்புகின்றது. சூடேறிய செயலி தன்னைக் காக்கும்பொருட்டுத் தானே வேகத்தைக் குறைக்கின்றது. மந்தத்தின் காரணம் இதுவே. முறிந்த மூலையை ஒட்டுதல் வீண்முயற்சி. அவ்விழுவிசைக்கு ஒட்டு நெடுநாள் நில்லாது.

கழற்றுகையிலேதான் பேரிடர் உண்டு. காய்ந்த வெப்பப் பசை செயலியை உலோகத்தோடு பிணைத்திருக்கும். நேரே இழுப்பின், பூட்டிய குழியினின்றும் செயலி பிடுங்கப்பட்டு ஊசிகள் வளையும். அதன்பின் புதுச் சட்டம் இருந்தும் பயனில்லை. ஆதலின் கணினியைச் சிறிது நேரம் இயக்கிப் பசையை இளகச் செய்து, மின்னிணைப்பை நீக்கி, கவ்விகளைத் தளர்த்தி, சட்டம் இடந்தருமளவிற்கு உலோகத்தை இருபுறமும் மெல்லத் திருகியே எடுத்தல் வேண்டும்.

பின்னர் தாய்ப்பலகையை வெளியே எடுத்து, சட்டத்தின் மூலைகளிலுள்ள முளைகளைப் பின்புறமிருந்து தள்ளினால் அது விடுபடும். புதியதும் அவ்வகையினதே ஆதல் வேண்டும். ஏஎம்டி செயலிகளுக்குரிய, திருகாணியாற் பொருத்தப்படும் சட்டம் இதற்குப் பொருந்தாது. பழைய பசையை அற்ககோல் தோய்ந்த துணியால் துடைத்துப் புதுப்பசையை மெல்லிதாக இட்டு, கவ்விகளைப் பூட்டி, மின்விசிறியின் கம்பியையும் மறவாது இணைத்த பின்னரே கணினியை இயக்குதல் தகும்.