சிறு வணிகம் வளர்வதற்குச் சில வழிகள்



இந்த ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு அறங்காவலர் குழுவினர் அன்புடன் கேட்டுக்கொண்டார்கள். சமயத்தைப் பற்றி எழுதும் தகுதி எனக்கு இல்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மளிகைக்கடை நடத்தியவன் நான். பூசை முடிந்து அன்னதானக் கூடத்தில் அமரும்போது இளைஞர்கள் சிலர் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். “ஐயா, கடை ஓடுகிறது, ஆனால் வளர மாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?” அந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த விடையை இங்கே எழுதுகிறேன். பெரிய படிப்பு எதுவும் இதில் இல்லை. நான் தவறிய இடங்களைச் சொன்னால் மற்றவர் தவறாமல் இருக்கலாம் அல்லவா?

நான் சறுக்கிய கதை

சிராங்கூன் சாலைப் பக்கத்தில் என் முதல் கடை நன்றாக நடந்து வந்தது. 1996ஆம் ஆண்டில் உட்லண்ட்சில் இரண்டாவது கடையைத் திறந்தேன். விற்பனை ஏறக்குறைய இரண்டு மடங்காயிற்று. பார்ப்பவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். 1997 நவராத்திரி மலரில் என் புகைப்படத்தோடு முழுப்பக்க விளம்பரம் கொடுத்தேன். திருப்பணிக்கும் ஒரு பெருந்தொகை எழுதினேன்.

அந்த டிசம்பரில், என்னிடம் பதினோரு ஆண்டுகள் வேலை செய்த தொழிலாளி ஒருவர் கடை மூடும் நேரத்தில் வந்து நின்றார். அவர் கையில் அந்த மலர் இருந்தது. “முதலாளி, இந்தப் பக்கத்துக்கு எவ்வளவு கட்டினீங்க?” என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. “ஜனவரியில பள்ளிக்கூடம் திறக்குது. பிள்ளைக்குப் புத்தகம் வாங்கணும். ரெண்டு மாசச் சம்பளம் நிக்குது” என்றார். நான் தலைகுனிந்தேன். அவர் சம்பளத்தை நான் வேண்டுமென்று நிறுத்தவில்லை. கல்லாவில் பணம் இல்லை. விற்பனை இரண்டு மடங்காகியும் கையில் ஏன் பணமில்லை என்பது எனக்கே விளங்கவில்லை.

1997 ஜூலையில் தொடங்கிய ஆசிய நிதி நெருக்கடிதான் காரணம் என்று ஊரில் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவன்று. நெருக்கடி வருவதற்கு முன்பே மொத்த வியாபாரிகளுக்கு நான் பாக்கி வைக்கத் தொடங்கியிருந்தேன்.

மார்க்கெட் ஸ்திரீட்டில் முன்பு இருந்த செட்டியார் கிட்டங்கி ஒன்றில் இளம் வயதில் அடுத்தாளாக வேலை பார்த்த பெரியவர் ஒருவர் எங்கள் பேட்டையில் இருந்தார். அவரிடம் போய் நின்றேன். அவர் மூன்று மாலைப் பொழுதுகள் என்னோடு உட்கார்ந்து ஐந்தொகை போட்டார். “தம்பி, நீ எழுதி வைத்திருப்பது விற்பனைக் கணக்கு மட்டும்தான். உன் பணம் எங்கே இருக்கிறது என்ற கணக்கே இல்லையே” என்றார். அவர் அன்று காட்டியவற்றைத்தான் கீழே வரிசைப்படுத்துகிறேன்.

1. வீட்டுக் காசு வேறு, கடைக் காசு வேறு

கல்லாவிலிருந்து மீன் வாங்க இருபது வெள்ளி, கல்யாண மொய்க்கு நூறு வெள்ளி என்று எடுப்பது நம்மிடையே பழகிப்போன வழக்கம். இப்படி எடுப்பது எங்கும் எழுதப்படுவதில்லை. ஆகவே கடை லாபத்தில் ஓடுகிறதா, நட்டத்தில் ஓடுகிறதா என்பது ஒருநாளும் தெரியாது. முதலாளியும் மாதச் சம்பளம் எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் ஒரு காசும் கல்லாவிலிருந்து எடுக்கக்கூடாது. கடைக்குத் தனி வங்கிக் கணக்கு வேண்டும். 2017இல் பேநவ் வந்த பிறகு வாடிக்கையாளர் கைப்பேசியிலேயே பணம் கட்டுகிறார்கள். அந்தப் பணம் முதலாளியின் சொந்தக் கணக்கில் விழுமாறு வைத்திருக்கும் கடைகளை இன்றும் பார்க்கிறேன். அது பழைய தவற்றின் புதிய உருவம்.

தனியுரிமைத் தொழிலாகப் பதிவு செய்தவர்கள் மேலும் கவனமாக இருக்க வேண்டும். சட்டத்தின் பார்வையில் கடையின் கடன் அவருடைய சொந்தக் கடன். பிரைவேட் லிமிடெட் நிறுவனமாகப் பதிந்தால் அந்தப் பொறுப்புக்கு ஓர் எல்லை உண்டு. ஆனால் வங்கிக் கடனுக்குச் சொந்த உத்தரவாதம் கொடுத்துக் கையெழுத்திட்டால், அந்தக் கடனைப் பொறுத்தவரை அந்தப் பாதுகாப்பும் போய்விடும்.

2. விலையைக் குறைப்பதற்கு முன்

கணக்குப் புரிவதற்காக ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். மாத விற்பனை 60,000 வெள்ளி. நூறு வெள்ளிக்கு விற்கும் சரக்கின் கொள்முதல் 80 வெள்ளி. எனவே மொத்த லாபம் 12,000 வெள்ளி. வாடகை, சம்பளம், மின்சாரம் முதலிய செலவுகள் 10,000 என்றால் மாதம் 2,000 வெள்ளி மிஞ்சும்.

பக்கத்துக் கடையோடு போட்டி போட்டு எல்லாப் பொருளுக்கும் 5 விழுக்காடு தள்ளுபடி கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். நூறு வெள்ளிச் சரக்கு 95க்குப் போகிறது. லாபம் 20 வெள்ளியிலிருந்து 15 ஆகிறது. பழைய 12,000 வெள்ளியைப் பெற, முன்பு 600 பங்கு விற்ற இடத்தில் 800 பங்கு விற்றாக வேண்டும். அதாவது மூன்றில் ஒரு பங்கு சரக்கைக் கூடுதலாகத் தூக்கி, இறக்கி, அடுக்கி, விற்றால்தான் பழைய நிலையிலேயே நிற்கலாம். எல்லாவற்றுக்கும் விலை குறைப்பதைவிட, மக்கள் விலையை மனத்தில் வைத்திருக்கும் நாலைந்து பொருள்களுக்கு மட்டும் குறைப்பது நல்லது. அரிசி, எண்ணெய், வெங்காயம், பருப்பு போன்றவை அத்தகையவை.

3. வளர்ச்சி பணத்தை விழுங்கும்

நான் விழுந்த குழி இதுதான். அதே கடையில் ஒன்றரை மாதத்துக்கான சரக்கு இருந்தால் அதன் கொள்முதல் மதிப்பு 72,000 வெள்ளி. மாத விற்பனையில் மூன்றில் ஒரு பங்கு கடனுக்குப் போய் ஒரு மாதம் கழித்து வந்தால் வெளியில் நிற்பது 20,000. மொத்த வியாபாரி நமக்கு ஒரு மாதத் தவணை தந்தால் அதில் 48,000 நமக்குத் தாங்கல். 72,000, 20,000 இரண்டையும் கூட்டி 48,000ஐக் கழித்தால் 44,000 வெள்ளி. இந்தப் பணம் எப்போதும் கடைக்குள்ளேயே முடங்கிக் கிடக்கும்.

விற்பனை இரண்டு மடங்கானால் இன்னும் ஒரு 44,000 வெள்ளி வேண்டும். மாதம் 2,000 மிஞ்சும் கடை அதைச் சேர்க்க 22 மாதங்கள் ஆகும். லாபமும் இரண்டு மடங்காகி மாதம் 4,000 மிஞ்சினாலும் 11 மாதங்கள். விற்பனையோ முதல் மாதமே ஏறிவிடுகிறது. இடையில் விழும் பள்ளத்தை நான் தொழிலாளியின் சம்பளத்தாலும் மொத்த வியாபாரியின் பாக்கியாலும் நிரப்பிக்கொண்டிருந்தேன், அது தெரியாமலேயே.

ஆகவே இரண்டாவது கடைக்கு முன்பணம், அலமாரி, குளிர்ப்பெட்டி இவற்றுக்கு மட்டும் பணம் ஒதுக்கினால் போதாது. இந்த முடங்கும் பணத்தையும், ஆறு மாத வாடகையையும் சம்பளத்தையும் சேர்த்து வைத்த பிறகே சாவி வாங்க வேண்டும் என்பது என் கருத்து.

4. அலமாரியில் தூங்கும் சரக்கு

மேலே சொன்ன கடை ஒன்றரை மாதச் சரக்கை ஒரு மாதமாகக் குறைத்தால் 24,000 வெள்ளி கைக்கு வரும். வங்கியும் வேண்டாம், வட்டியும் வேண்டாம். அதற்கு எந்தப் பொருள் வாரத்தில் எத்தனை போகிறது என்று எழுத வேண்டும். தீபாவளிக்கு வாங்கி மிஞ்சிய பலகார மாவும், பொங்கலுக்கு வாங்கி மிஞ்சிய பானையும் அடுத்த ஆண்டு வரை இடத்தை அடைத்துக்கொண்டிருக்கக் கூடாது. பண்டிகை முடிந்த வாரமே அடக்க விலைக்காவது தள்ளிவிட்டு, எத்தனை மிஞ்சியது என்று குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு கொள்முதலுக்கு அந்தக் குறிப்பே நல்ல வழிகாட்டி.

5. கடன் கொடுப்பதில் ஒழுங்கு

அந்தக் காலத்து மளிகைக்கடைகளில் 555 என்று அட்டை போட்ட சிறிய புத்தகத்தில் கடன் கணக்கு எழுதுவோம். சம்பள நாளன்று வந்து தீர்ப்பார்கள். அதில் ஓர் ஒழுங்கு இருந்தது. இன்று உணவகங்களுக்கும் சமையல் ஒப்பந்தக்காரர்களுக்கும் கொடுக்கும் பெருங்கடனில் அந்த ஒழுங்கு இல்லை. ஒருவருக்கு எவ்வளவு, எத்தனை நாள் என்று முதலிலேயே பேசி எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய பாக்கி தீராமல் புதிய சரக்கு போகக்கூடாது. இதைச் சொல்வதற்குக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் தவணையில் கேட்டால் நட்பு நிலைக்கும். ஓராண்டு கழித்துக் கேட்டால் நட்பும் போகும், பணமும் போகும்.

நாம் கொடுக்க வேண்டிய இடத்திலும் அப்படியே. பணம் இல்லையென்றால் மொத்த வியாபாரி தேடி வருமுன் நாமே போய்ச் சொல்லிவிட வேண்டும். நான் ஒவ்வொருவரிடமும் நேரில் போய், மாதம் இவ்வளவு என்று எழுதிக் கொடுத்தேன். ஒருவரைத் தவிர அனைவரும் ஒப்புக்கொண்டார்கள்.

6. சட்டம் கேட்கும் கணக்கு

பொருள், சேவை வரி 1994இல் 3 விழுக்காடாகத் தொடங்கியது. 2024 முதல் 9 விழுக்காடு. ஆண்டு விற்பனை பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டினால் பதிவு செய்வது கட்டாயம். மேலே கண்ட கடையின் ஆண்டு விற்பனை 7,20,000 வெள்ளி. இரண்டு மடங்கானால் 14,40,000. பதிந்த பிறகும் விலையை ஏற்றாமல் விற்றால், நூறு வெள்ளி விற்பனைக்குச் சுமார் 1 வெள்ளி 65 காசு நம் லாபத்திலிருந்து போகும். கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்த பிறகுள்ள நிலை இது. மாதம் 1,20,000 விற்றால் அது ஏறக்குறைய 2,000 வெள்ளி. வாடகை முதலியவற்றில் கட்டிய வரியையும் கழித்துக்கொண்டால் சற்றுக் குறையும். வளர்வதற்கு முன்பே இதை விலையில் யோசித்து வைக்க வேண்டும். வசூலித்த வரி நம் பணமன்று. அதைத் தனியே வையுங்கள். வரிக்குரிய ரசீதுகளையும் கணக்கேடுகளையும் ஐந்தாண்டு பாதுகாக்க வேண்டும்.

மத்திய சேம நிதிச் சந்தாவை அடுத்த மாதம் 14ஆம் தேதிக்குள் கட்டிவிட வேண்டும். தவறினால் வட்டி ஏறும். தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த பணத்தைக் கடைச் செலவுக்குப் புரட்டுவது பிறர் பொருளைத் தொடுவதாகும்.

7. கொடுப்பதும் கணக்கோடு

நகரத்தார் தங்கள் வணிகத்தில் கோயிலுக்கென்று மகமை எழுதி வைத்த மரபு பலருக்கும் தெரிந்திருக்கும். அந்தப் பெரியவர் அதை எனக்கு நினைவூட்டிச் சொன்னார்: “கோயிலுக்குக் கொடுப்பதும் பேரேட்டில் ஒரு பற்றுத்தான் தம்பி. கூலி கொடுத்து, கடன் தீர்த்து, மிஞ்சியதில் எழுது. கூலிக்காரன் காசில் எழுதாதே.”

அன்று முதல் அப்படித்தான் செய்து வருகிறேன். உட்லண்ட்ஸ் கடையை 1998இல் மூடினேன். முதலில் அந்தத் தொழிலாளியின் இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்தேன். பாக்கி முழுவதும் தீர மூன்றாண்டுகள் பிடித்தன. அந்த மூன்றாண்டும் இம்மலரில் என் விளம்பரம் வரவில்லை. உண்டியலில் இயன்றதைப் போட்டேன், வெள்ளிக்கிழமைகளில் பாத்திரம் கழுவினேன். யாரும் என்னைக் குறைவாக நினைத்ததாகத் தெரியவில்லை. நான்தான் அப்படி நினைத்துப் பயந்திருந்தேன்.

முதல் கடை இன்றும் இருக்கிறது. என் மகன் நடத்துகிறான். மாதக் கடைசி ஞாயிறன்று இருவரும் உட்கார்ந்து கையிருப்பு, சரக்கு, வர வேண்டியது, கொடுக்க வேண்டியது ஆகிய நான்கையும் ஒரே தாளில் எழுதுகிறோம். ஒரு மணி நேர வேலைதான். வளர விரும்பும் அன்பர்கள் இந்த ஒரு பழக்கத்தையாவது இந்த மாதமே தொடங்குமாறு வேண்டிக்கொள்கிறேன். கணக்கு எழுதத் தெரியாவிட்டால் வெட்கப்படாமல் தெரிந்தவரிடம் கேளுங்கள். கோயிலுக்கு வரும்போது என்னைக் கண்டாலும் கேட்கலாம்.

இம்மலரில் விளம்பரம் தந்து ஆதரிக்கும் வணிகப் பெருமக்கள் அனைவரின் தொழிலும் நிலைத்து வளரவும், அவர்களிடம் உழைப்போர் வீட்டில் மாதந்தோறும் அடுப்பு எரியவும் எல்லாம் வல்ல இறைவனை வேண்டி அமைகிறேன்.