ஏ.எஃப்.பி. நார்மல் என்றால் ஸ்கேன் வேண்டாமா?

மருத்துவ உதவி கேட்டு அறக்கட்டளைக்கு வரும் மனுக்களோடு 'ஏ.எஃப்.பி.' என்ற இரத்தப் பரிசோதனைச் சீட்டும் இணைந்து வருவதுண்டு. ஹெபடைடிஸ் பி அல்லது சி கிருமி ஈரலில் தங்கிவிட்டவர்களுக்கு டாக்டர்கள் எழுதித் தருவது அது. "நார்மல் என்று வந்துவிட்டதே, இனி ஸ்கேன் செலவு எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். அதனால்தான் இந்த விளக்கம்.

ஏ.எஃப்.பி. என்பது கருவிலிருக்கும் குழந்தையின் ஈரல் சுரக்கும் ஒரு புரதம். பிறந்த பிறகு வெகுவாகக் குறைந்துவிடும். பெரியவர்களுக்குப் பொதுவாக மில்லிலிட்டருக்கு 10 நானோகிராமுக்குள் இருக்கும். ஈரலில் புற்றுக்கட்டி தோன்றினால் மறுபடியும் கூடலாம். 1960களிலேயே சோவியத் ரஷ்ய ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தார்கள்.

கூடலாம் என்றுதான் சொல்கிறேன், கூடும் என்று அல்ல. ஈரல் புற்று வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்த அளவு ஏறுவதில்லை. கட்டி சிறிதாக இருக்கும்போது ஏறாமலிருப்பது இன்னும் அதிகம். அகற்றிக் குணப்படுத்த நல்ல வாய்ப்புள்ள நேரமும் அதுவே. ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்யும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான் முதன்மை. இரத்தப் பரிசோதனை அதற்குத் துணை. கையில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் ஸ்கேனை விட்டுவிடாதீர்கள்.

அளவு கூடி வந்தாலும் உடனே கலங்க வேண்டாம். கிருமியால் ஈரல் அழற்சி அதிகமாகும்போதும் கூடும். கர்ப்பிணிகளுக்கு இயல்பாகவே கூடும். 20ஐத் தாண்டினால், அல்லது ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போனால், சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பார்கள். ஒரு சீட்டைவிட வரிசையாக அடுக்கிய நான்கு சீட்டுகள் டாக்டருக்கு அதிகம் சொல்லும். முடிந்தவரை ஒரே லேபில் எடுங்கள், பழைய சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

ஈரல் சுருக்கம் உள்ள அனைவருக்கும் இந்தக் கண்காணிப்பு தேவை. சி கிருமி மருந்தால் ஒழிந்த பின்னும், சுருக்கம் ஏற்பட்டிருந்தால் தொடர வேண்டும். பி கிருமியோ சுருக்கம் இல்லாமலே புற்றை உண்டாக்கக்கூடியது. அது உள்ள 40 வயது கடந்த ஆண்களும், 50 கடந்த பெண்களும், குடும்பத்தில் ஈரல் புற்று கண்டவர்களும் தவறாமல் பார்க்க வேண்டும். கீழாநெல்லி குடித்து மஞ்சள் காமாலை இறங்கிவிட்டதால் கிருமியும் போய்விட்டதென்று இருந்துவிடக் கூடாது.

2018இல் தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பி, சி கிருமிகளுக்கான பரிசோதனையும் மருந்தும் இலவசம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். வீட்டில் ஒருவருக்கு பி இருந்தால் மற்றவர்களும் பரிசோதித்து, தொற்று இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.