வாத்துக்கு நாலு கால் வரைய வைக்கும் மறதி! தெரியுமா?

மறதி நோய் வந்தால் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் மறக்கும் என்று நினைக்கிறீர்களா? இல்லவே இல்லை! டிமென்ஷியாவில் பல வகை. மூளையில் ஒவ்வொன்றும் முதலில் கைவைக்கும் இடம் வேறு. பறிபோகும் நினைவும் வேறு!

1901 நவம்பர், ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட். மருத்துவர் அலோயிஸ் அல்சைமர் எதிரே 51 வயது அகஸ்டே டீட்டர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். தட்டில் பன்றி இறைச்சியும் காலிஃபிளவரும். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால், கீரை என்கிறார்! கணவர் பெயரைக் கேட்டால் தன் பெயரையே சொல்கிறார். 1906-இல் அவர் இறந்தபின் அவருடைய மூளையில் அல்சைமர் கண்ட படிவுகளும் முறுக்கிழைகளும்தான் இன்றும் அல்சைமர் நோயின் அடையாளம்.

அந்த முறுக்கிழைகள் பெரும்பாலும் எங்கே தொடங்குகின்றன தெரியுமா? மூளையின் எண்டோரைனல் கார்டெக்ஸ் பகுதியில்! அடுத்து, பக்கத்திலேயே இருக்கும் ஹிப்போகாம்பஸ். புதிதாக நடப்பதைப் பதிய வைக்கும் இடம் இதுதான். அதனால்தான் காலையில் தின்ற இட்லி மறந்துபோகிறது, கல்யாணப் பந்தல் நினைவிருக்கிறது! நாம் எங்கே நிற்கிறோம் என்று கணக்குப் போடும் கிரிட் செல்களும் அதே எண்டோரைனல் கார்டெக்ஸில்தான். அவற்றைக் கண்டுபிடித்த நார்வேயின் மோசர் தம்பதிக்கு 2014-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பல வருஷம் குடியிருந்த தெருவிலேயே திகைத்து நிற்கும் பெரியவரை தயவுசெய்து அதட்டாதீர்கள். அவர் தலைக்குள் இருந்த வரைபடமே அழிந்துகொண்டிருக்கிறது.

அல்சைமர் நோய்க்கு நேர் தலைகீழ் ஒன்று இருக்கிறது: செமான்டிக் டிமென்ஷியா! நேற்று வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று சரியாகச் சொல்வார். கத்தரிக்கோல் என்றால் என்ன என்று கேட்பார்! மூளையின் டெம்போரல் மடலின் முன்நுனி சுருங்கச் சுருங்க, பொருள்களைப் பற்றிய அறிவே கரைகிறது. வரிக்குதிரை முதலில் குதிரையாகும், பிறகு வெறும் மிருகமாகும். வாத்துப் படத்தைக் காட்டி, எடுத்துவிட்டு வரையச் சொன்னபோது நாலு கால் போட்டவர்கள் உண்டு! மிருகங்களுக்குப் பொதுவானது மட்டும் மனதில் தங்கி, வாத்துக்கே உரியது போய்விட்டது. எனக்கு இதைவிட வியப்பான மருத்துவச் செய்தி வேறில்லை.

ரத்தக்குழாய் அடைப்பால் வரும் வாஸ்குலர் வகையில், மூளைக்குள் இருக்கும் தலாமஸின் முக்கியமான இடத்தில் ஒரு சின்னப் பக்கவாதம் போதும். ஹிப்போகாம்பஸ் முழுசாக இருந்தும் நினைவு தடுமாறும்!

லூயி பாடி வகை இன்னும் விசித்திரம்! ஆரம்பத்தில் ஹிப்போகாம்பஸ் பெரிதாகச் சுருங்காது; நினைவும் ஓரளவு நிற்கும். ஆனால் அறையில் இல்லாத குழந்தைகளும் பூனைகளும் கண்முன்னே தெளிவாகத் தெரிவார்கள்! 2014-இல் மறைந்த ஹாலிவுட் நடிகர் ராபின் வில்லியம்ஸின் மூளையில் இந்த நோய்தான் இருந்தது என்பது பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது. பேய் பிடித்ததென்றோ மனநோய் என்றோ முடிவுகட்டிவிடாதீர்கள். இவர்களுக்கு ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்தைக் கொடுத்தால் உடல் விறைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். பாட்டிக்கு யாரோ தெரிகிறார்களாம் என்பதை, மறதியைச் சொல்வதற்கும் முன்னால், மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்!