பிள்ளை என்ன நினைக்கிறது என்று கேளுங்கள்

ஊருக்குத் திரும்பிவிட்டீர்கள். கூரை போடவேண்டும், கிணறு இறைக்கவேண்டும், பற்றை வெட்டவேண்டும். இந்த வேலைகளுக்கு நடுவே ஒரு பிள்ளை ஓடி விளையாடுகிறது. அதன் சகோதரம் மூலையில் ஒதுங்கியிருக்கிறது. இருவரும் ஒரே இடப்பெயர்வைக் கண்டவர்கள். ஏன் இந்த வித்தியாசம்?

நடந்த சம்பவம் மட்டும் பிள்ளையின் மனநிலையைத் தீர்மானிப்பதில்லை. அதைப் பற்றிப் பிள்ளை என்ன நினைக்கிறது என்பதும் தீர்மானிக்கிறது. கூரையில்லாத வீட்டைக் கண்டு “திரும்பக் கட்டுவோம்” என்று நினைக்கும் பிள்ளைக்கு உற்சாகம் வரும். “இதையும் விட்டு ஓடவேண்டி வரும்” என்று நினைக்கும் பிள்ளைக்குப் பயம் வரும்.

2008இல் மாந்தை மேற்கிலிருந்து வன்னிக்குள் இடம்பெயர்ந்து, பின்னர் மெனிக்பாம் முகாமில் இருந்த பிள்ளை அப்படி நினைத்தது இயல்பு. பல தடவை எல்லாவற்றையும் விட்டு ஓடியதை அது கண்டிருந்தது. 1990இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் புத்தளத்தில் பிறந்தவர்கள். உங்களுக்கு இது ஊர் திரும்புதல். அவர்களுக்கோ கூட்டாளிகளையும் பாடசாலையையும் விட்டு வரும் புதிய இடப்பெயர்வு.

சிறு பிள்ளைகள், நடந்தவற்றுக்குத் தாங்களே காரணம் என்று எண்ணுவதும் உண்டு. “நான் குழப்படி செய்தபடியால்தான் அப்பா வரவில்லை” என்ற நினைப்பை ஒரு பிள்ளை யாருக்கும் சொல்லாமல் நெடுநாள் சுமக்கலாம். நீங்கள் அதை அறிந்தால்தான் மாற்ற உதவலாம்.

நீங்கள் செய்யக்கூடியவை:

• தண்ணீர் அள்ளும்போது, வலை தெரியும்போது, வேலையோடு வேலையாகக் கேளுங்கள்: “அதைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்?” பிள்ளை சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருங்கள். “அழாதே, மறந்துவிடு” என்று சொல்லவேண்டாம்.

• உண்மையை எளிமையாகச் சொல்லுங்கள். காணாமற்போனவரைப் பற்றி “நாளைக்கு வருவார்” என்று வாக்குக் கொடுக்கவேண்டாம். “அப்பா எங்கே என்று இன்னும் தெரியவில்லை. தேடுகிறோம். நீ செய்த எதுவும் இதற்குக் காரணமில்லை” என்று சொல்லுங்கள். பல தடவை சொல்லவேண்டி வரலாம்.

• எல்லாப் பயமும் பிழையான நினைப்பு அல்ல. மிதிவெடிப் பயம் நியாயமானது. அதைக் கேலி செய்யவேண்டாம். “எங்கே கால் வைத்தாலும் வெடிக்கும்” என்று நினைக்கும் பிள்ளையோடு, கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட பாதையில் நடந்து காட்டுங்கள். மண்டையோட்டு அடையாளமுள்ள சிவப்புப் பலகையின் கருத்தை விளக்கி, அதைத் தாண்டக்கூடாது என்று சொல்லுங்கள்.

• சாப்பாடு, பாடசாலை, நித்திரை ஆகியவற்றுக்கு நேரம் ஒழுங்கு செய்யுங்கள். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்த பிள்ளைக்குப் பயம் குறையும்.

சில வாரங்கள் கடந்தும் நித்திரையின்மை, திரும்பவும் படுக்கையில் சிறுநீர் கழித்தல், விளையாட மறுத்தல் போன்றவை தொடர்ந்தால் வகுப்பாசிரியரிடமோ உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ சொல்லுங்கள். பிள்ளை சாவைப் பற்றிப் பேசினால் தாமதிக்காமல் மன்னார் மாவட்ட வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள், தனியாக விடவேண்டாம். காய்ச்சலுக்கு மருந்து எடுப்பதைப் போலத்தான் இதுவும். வெட்கப்பட ஒன்றுமில்லை.