இரைப்பைக்குப் பட்டியிடுமுன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

 



உடற்பருமனைக் குறைப்பதற்காக இரைப்பையில் செய்யப்படும் சத்திரசிகிச்சை பற்றிய பேச்சு இன்று நமது வன்னிப் பிரதேசக் குடும்பங்களையும் எட்டியுள்ளது. வெளிநாட்டிலுள்ள உறவினர் ஒருவர் செய்து கொண்டார் என்ற செய்தி வருகின்றது. "முன்பு இப்படி, இப்போது இப்படி" என்று இரண்டு புகைப்படங்கள் கைப்பேசியில் வருகின்றன. உடனே, "நமது மகளுக்கும் செய்தால் என்ன? நல்ல மாப்பிள்ளை அமையுமே!" என்ற கேள்வி வீட்டில் எழுகின்றது. மறுபுறத்தில், "அல்லாஹ் படைத்த உடலில் கத்தி வைப்பது ஹராம்" என்று ஒரே வார்த்தையில் முடித்து விடுவோரும் உள்ளனர். இவ்விரண்டுமே அவசரப்பட்ட முடிவுகளாகும். விடயத்தை அறிந்த பின்னரே தீர்ப்புக் கூற வேண்டும்.

இரைப்பைப் பட்டி என்றால் என்ன?

இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றி, இடுப்புப்பட்டி அணிவிப்பது போன்று, சிலிக்கோனால் ஆன ஒரு வளையத்தைப் பொருத்துவார்கள். இதுவே இரைப்பைப் பட்டி (காஸ்ட்ரிக் பேண்ட்) எனப்படும். வளையத்துக்கு மேலே மிகச் சிறிய பை ஒன்று உருவாகின்றது. அதில் ஒரு சில மேசைக்கரண்டி உணவே கொள்ளும். சிறிதளவு உண்டதும் வயிறு நிறைந்த உணர்வு வந்துவிடும். வளையத்திலிருந்து ஒரு மெல்லிய குழாய் வந்து, வயிற்றுத் தோலின் கீழ் வைக்கப்பட்ட சிறு புடகத்தில் முடிவடையும். அப்புடகத்தினுள் ஊசி மூலம் உப்பு நீரைச் செலுத்தினால் பட்டி இறுகும். நீரை எடுத்தால் தளரும்.

எத்தியோப்பியாவில் பிறந்த மிட்டிக்கு பெலாச்சூ என்ற வைத்தியர், 1993ஆம் ஆண்டு பெல்ஜியத்தில், வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல் சிறு துளைகள் வழியாக இப்பட்டியை முதன்முதலில் பொருத்தினார். 2001இல் அமெரிக்க அரசு இதற்கு அனுமதி வழங்கியது. இரைப்பையை வெட்டுவதில்லை, வேண்டாமெனில் அகற்றிவிடலாம் என்பதனால் உலகெங்கும் இது வேகமாகப் பரவியது.

ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல மறுபக்கமும் தெரிய வந்தது. பட்டி இடம் நழுவுதல், இரைப்பைச் சுவரை அரித்து உள்ளே நுழைதல், குழாயில் கசிவு, ஓயாத வாந்தி, நெஞ்செரிவு ஆகியவை பலருக்கு ஏற்பட்டன. பிரசல்ஸ் நகரில் பட்டி பொருத்தப்பட்டவர்களில் 82 பேரை 12 ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஏறத்தாழ அரைவாசிப் பேரின் உடலில் அப்பட்டி இருக்கவில்லை. பத்தில் ஆறு பேர் மீண்டும் சத்திரசிகிச்சைக்கு உட்பட வேண்டியிருந்தது. இதனால் இன்று பெரும்பாலான நாடுகளில் பட்டி பொருத்துவது மிகவும் அருகிவிட்டது. அதன் இடத்தை "ஸ்லீவ்" எனும் முறையும் "பைபாஸ்" எனும் முறையும் பிடித்துள்ளன. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் அதிகமான பகுதி வெட்டி நீக்கப்படும். அதனைத் திரும்பப் பொருத்த இயலாது. பைபாஸ் முறையில் இரைப்பையைச் சிறிதாக்கி, உணவு சிறுகுடலின் முதற்பகுதியைத் தாண்டிச் செல்லுமாறு வழி மாற்றப்படும்.

மார்க்கத்தின் அளவுகோல்

2007ஆம் ஆண்டு ஜூலை மாதம் மலேசியாவின் புத்ராஜாயா நகரில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி, அழகுச் சத்திரசிகிச்சைகள் பற்றிய தனது 173ஆவது தீர்மானத்தில் உடல் எடை குறைப்பையும் எடுத்துக் கொண்டது. எடையானது ஒரு நோய் நிலையாக இருக்க வேண்டும். சத்திரசிகிச்சை தவிர வேறு வழி இல்லாதிருக்க வேண்டும். தீங்கிலிருந்து பாதுகாப்பு இருக்க வேண்டும். இந்நிபந்தனைகளுடன் சத்திரசிகிச்சை ஆகும் என்பதே அத்தீர்மானத்தின் சாரம். எனவே, கதவு முற்றாக மூடப்படவும் இல்லை. எல்லோருக்கும் திறந்து விடப்படவும் இல்லை. இம்மூன்று நிபந்தனைகளையும் மூன்று கேள்விகளாக நாம் கேட்டுப் பார்ப்போம்.

முதற் கேள்வி: இது நோயா, அல்லது பிறர் கண்ணுக்கான குறையா?

இதனை அளப்பதற்கு வைத்தியர்கள் உடற்றிணிவுச் சுட்டி என்ற கணக்கைக் கையாளுகின்றனர். எடையைக் கிலோவில் எடுத்து, அதனை மீற்றரிலான உயரத்தால் இரு முறை வகுக்க வேண்டும். 160 சென்ரிமீற்றர் உயரமுள்ள பெண் 62 கிலோ இருந்தால் சுட்டி ஏறத்தாழ 24. அவளே 95 கிலோ இருந்தால் 37. சுட்டி 35க்கு மேற்பட்டோருக்கும், 30க்கு மேற்பட்டு நீரிழிவு போன்ற நோயுள்ளோருக்கும் சத்திரசிகிச்சையைப் பரிந்துரைக்கலாம் என 2022இல் வெளியான சர்வதேச வழிகாட்டல் கூறுகின்றது. நம்மைப் போன்ற ஆசியருக்குக் குறைந்த எடையிலேயே நோய்கள் வருவதனால் 27.5 முதல் இது பற்றி ஆலோசிக்கலாம் எனவும் அது குறிப்பிடுகின்றது.

கடும் பருமனும் நீரிழிவும் உயர் குருதி அமுக்கமும் உறக்கத்தில் மூச்சுத்திணறலும் உடைய ஒருவருக்கு இச்சிகிச்சை ஆயுளைக் காக்கக் கூடியது. பலருக்கு நீரிழிவு தணிந்து மாத்திரைகள் குறைந்துள்ளன. அத்தகையவரை "ஹராம்" என்று கூறித் தடுப்பது அறியாமையாகும். ஆனால் சுட்டி 24 உள்ள பெண் பிள்ளையை, பெண் பார்க்க வந்தவர்கள் "கொஞ்சம் பருத்திருக்கிறாள்" என்று கூறியதற்காகக் கத்தியின் கீழ்ப் படுக்க வைப்பது சிகிச்சையன்று. அப்பிள்ளையிடம் நோய் இல்லை. நோய் பார்த்தவர்களின் கண்ணில் இருக்கின்றது.

இரண்டாவது கேள்வி: வேறு வழிகளை முயன்று விட்டோமா?

தைரொயிட் சுரப்பிக் குறைபாடு, சூலகத்தில் நீர்க்கட்டிகள் தோன்றும் கோளாறு, சில மருந்துகள் ஆகியனவும் எடையைக் கூட்டும். ஆகவே முதலில் காரணத்தைக் கண்டறிய வேண்டும். அரச வைத்தியசாலைகளிலும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளிலும் நடைபெறும் ஆரோக்கிய வாழ்க்கைமுறைப் பரிசோதனைகளில் எடை, இடுப்பளவு, குருதி அமுக்கம், குருதியில் சீனி ஆகியன இலவசமாகப் பார்க்கப்படுகின்றன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் வாழும் நாம் முதலில் தட்ட வேண்டிய கதவு அதுவே.

வயிற்றை உணவுக்கும் நீருக்கும் மூச்சுக்குமாகப் பங்கிடுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியுள்ளார்கள். நமது கந்தூரிகளிலும் கல்யாணச் சஹன்களிலும் அந்தப் பங்கீடு எங்கே போயிற்று? தோட்டத்துக்கும் கடற்கரைக்கும் கால்நடையாகச் சென்ற தலைமுறையின் பிள்ளைகள் இன்று பள்ளிவாசலுக்கும் மோட்டார் சைக்கிளில் செல்கின்றனர். வீட்டின் உணவும் நடையும் மாறாமல் ஒரு பிள்ளையின் இரைப்பையை மட்டும் மாற்றுவதால் பயன் நிலைக்காது. ஏனெனில், பட்டி சோற்றைத்தான் தடுக்கும். பாலூதாவும் ஐஸ்கிறீமும் சீனித் தேநீரும் அதனூடாக இலகுவாக வழிந்து செல்லும். பட்டியிட்ட பின்னரும் எடை கூடியவர்களில் பலர் இவ்வாறு கூடினார்கள்.

மூன்றாவது கேள்வி: தீங்கிலிருந்து பாதுகாப்பு உண்டா?

தேர்ச்சி பெற்ற நிலையங்களில் இச்சிகிச்சையால் உயிரிழப்போர் ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவிலேயே உள்ளனர். எனினும் அந்த ஒருவர் யாரோ ஒரு தாயின் பிள்ளை. 2024 ஏப்ரலில் புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர் ஒருவர், எடைக் குறைப்புச் சத்திரசிகிச்சைக்காகச் சென்னையிலுள்ள ஒரு தனியார் வைத்தியசாலைக்குச் சென்று உயிரிழந்தார். தமிழக அரசு விசாரணை நடத்தி, அவ்வைத்தியசாலையின் பதிவைத் தற்காலிகமாக இடைநிறுத்தியது. நம்மவரும் சிகிச்சைக்காகச் சென்னை செல்வதனால் இச்செய்தி நமக்கும் உரியது. கட்டணம் குறைவா என்று கேட்பதற்கு முன், தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டா, இவ்வைத்தியர் இச்சிகிச்சையை எத்தனை பேருக்குச் செய்துள்ளார் என்று கேளுங்கள்.

அதனினும் முக்கியமானது ஊர் திரும்பிய பின்னருள்ள காலம். பட்டியை இறுக்கவும் தளர்த்தவும் முதல் ஆண்டில் பல தடவை வைத்தியரிடம் செல்ல வேண்டும். முள்ளியவளையில் வாழ்பவருக்குச் சென்னையில் பட்டியிட்டால், அதைப் பராமரிப்பவர் யார்? நள்ளிரவில் வாந்தி நிற்காவிட்டால் அழைத்துச் செல்ல வேண்டிய வைத்தியர் யார்? இக்கேள்விக்கு விடை கிடைக்காமல் விமானச் சீட்டு எடுக்க வேண்டாம். என்ன சிகிச்சை செய்யப்பட்டது என்ற கடிதத்தை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும். ஸ்லீவ், பைபாஸ் செய்தோர் இரும்பு, கல்சியம், விற்றமின் பி12 முதலியவற்றை ஆயுள் முழுவதும் வைத்திய ஆலோசனைப்படி உட்கொள்ள வேண்டும்.

திருமணமும் நோன்பும்

சத்திரசிகிச்சையின் பின் 12 முதல் 18 மாதங்கள் வரை கர்ப்பம் தரிக்காதிருப்பது நல்லது என வைத்தியர்கள் கூறுகின்றனர். வேகமாக மெலியும் உடலில் குழந்தைக்குப் போதிய சத்துக் கிடைக்காது என்பதே காரணம். திருமணத்துக்காகவே சிகிச்சை செய்து, சில மாதங்களில் நிகாஹ்வும் முடித்து, இச்செய்தியை மாப்பிள்ளை வீட்டாருக்கு மறைத்தால், பாதிக்கப்படுவோர் தாயும் சேயுமே. மறைப்பது அமானிதத்துக்கும் மாறானது.

ரமழான் நோன்பைப் பொறுத்தவரை, முதல் ஆண்டில் நோன்பு நோற்பதை வைத்தியர் தடுத்தால் அதனை ஏற்க வேண்டும். சிறு மிடறுகளாகவே நீர் அருந்தக் கூடிய ஒருவருக்குப் பகல் முழுதும் தாகித்திருப்பது சிறுநீரகத்தைப் பாதிக்கும். நோயாளிக்கு அல்லாஹ் சலுகை அளித்துள்ளான். ஆரோக்கியம் வந்த பின் கழா செய்து கொள்ளலாம். பின்னர் நோற்கும்போதும் ஒரே தடவையில் கஞ்சியையும் சமூசாவையும் நிரப்பாமல், சிறிது சிறிதாக நன்கு மென்று உண்ண வேண்டும்.

பெற்றோர்களே! பருத்த பிள்ளையைப் பட்டப் பெயர் சூட்டி அழைப்பதை முதலில் வீட்டில் நிறுத்துங்கள். கேலி செய்வதும் தீய பட்டப் பெயர்களால் அழைப்பதும் அல்குர்ஆன் தடை செய்தவையாகும். அந்தக் கேலியே பல பிள்ளைகளைத் தேவையற்ற கத்தியின் பக்கம் தள்ளுகின்றது. வாலிபர்களே! மணப்பெண்ணின் மார்க்கத்தையும் குணத்தையும் பாருங்கள். தராசை எடுத்துக் கொண்டு பெண் பார்க்கச் செல்லாதீர்கள். உடல் அல்லாஹ் தந்த அமானிதம். நோயென்றால் தயங்காது மருந்து செய்வோம். நோயில்லையென்றால் அதனைக் காயப்படுத்தாதிருப்போம்.

நம் அனைவருக்கும் நோயற்ற உடலையும் தெளிந்த அறிவையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.