உள்ளங்கையில் ஒரு மகிழுந்து

நம் மாணவர் பைகளில் அடிக்கடி அகப்படும் சிறு உலோக மகிழுந்தின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்தால், பலவற்றில் ‘மலேசியா’ என்று பொறித்திருக்கக் காணலாம். அமெரிக்காவின் மேட்டல் நிறுவனம் 1968இல் வெளியிட்ட ‘ஹாட் வீல்ஸ்’ வண்டிகள், நமக்கு அண்டையிலுள்ள பினாங்கு மாநிலத்துப் பிறையில் உருவாகி உலகெங்கும் செல்கின்றன.

இதற்கும் முந்தியது இங்கிலாந்தின் ‘மேட்ச்பாக்ஸ்’. ஜாக் ஓடெல் என்பாரின் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் விளையாட்டுப் பொருளுக்கே அனுமதி. தந்தை அவ்வளவிலேயே சாலை உருளை ஒன்றைச் செய்தளித்தார். 1953இல் அவ்வகை வண்டிகள் விற்பனைக்கு வந்தன. (நம் பள்ளியில் அவ்விதி இல்லை, பாடவேளையில் வண்டி பைக்குள் கிடந்தால் போதும்.)

துத்தநாகத்தோடு சிறிது அலுமினியம் கலந்து உருக்கி, எஃகு அச்சினுள் மிகுந்த அழுத்தத்துடன் செலுத்தினால், நொடிப்பொழுதில் வண்டியின் கூடு உறைந்துவிடும். பெரும்பாலும் உண்மை வண்டியில் 64இல் ஒரு பங்கே இதன் அளவு. சிறு வண்டி 7 சென்டிமீட்டரெனில் பெரியது எவ்வளவு? மாணவர்களே கணக்கிடுக.

உறை பிரிக்காது சேர்ப்போரும் உளர். விலை ஏறுமென நம்பிச் சம்பளப் பணத்தை அதில் முடக்குவதைப் பெற்றோருக்கு நாம் பரிந்துரையோம். தேய்ந்த வண்டியைப் புதுக்குவதே நமக்கு உவப்பானது. அடியிலுள்ள ரிவெட் ஆணியைத் துளைத்தால் கூடு தனியே கழன்றுவரும். பழைய சாயத்தை நீக்கிப் புதுச்சாயம் பூசலாம். சாயம் நீக்கும் திரவம் தோலைப் புண்ணாக்கும். ஆதலின் அதனையும் துளைக்கருவியையும் பெரியோரே கையாள வேண்டும். பின்புறம் அட்டைத் தொட்டி ஒட்டினால் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஆகிவிடும். குலைகளுக்குக் களிமண்ணும் சிறிது செந்நிறமும் போதும்.